பூட்டாமல் விட்ட கதவு

மாமனார் சாமான் அறைச் சாவியை எடுத்துச் சின்ன மருமகளின் கையில் வைத்த இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். பெரிய மருமகள் அப்போது முகம் சுளிக்கவில்லை. சிரிக்கக்கூடச் செய்தாள். பார்த்தவர்கள் பெருந்தன்மை என்றார்கள்.

பெருந்தன்மையாவது ஒன்றாவது. அந்தச் சிரிப்பு மீன்முள்ளாக அவள் தொண்டையில் குத்திக்கொண்டு நின்றது.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்த விடுதியில், மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் நின்றாள். அறையைக் காலி செய்தவர்கள், ரயிலுக்கு நேரம் இருக்கிறதென்று பெட்டியைக் கொடுத்துவிட்டு வெளியே போவார்கள். அதை வாங்கி, மாடிப்படிக்குக் கீழே உள்ள சாமான் அறையில் வைத்து, எண் போட்ட பிளாஸ்டிக் டோக்கன் கொடுக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அந்த அறைச் சாவி அவளிடம் இருந்தவரை ஒரு குடைகூடத் தொலைந்ததில்லை. அதை யாரும் சொல்லிக் காட்டியதும் இல்லை. தொலைந்தால்தானே பேச்சு வரும்.

சின்னவள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சட்டம் படித்தவள். மாமனார் அவளை "வக்கீலம்மா" என்பார். கூப்பிடும்போதே குரலில் சர்க்கரை கரையும். பெரியவளை "ஏம்மா" என்பார். அறை பெருக்க வருகிற பெண்ணையும் "ஏம்மா" என்றுதான் கூப்பிடுவார். இத்தனை வருடமாகப் பெரியவளுக்கு அது உறைத்ததே இல்லை. வக்கீலம்மா வந்த பிறகுதான் உறைத்தது.

அன்று காலை விடுதி தேன்கூடு மாதிரி இரைந்தது. தண்ணீர் வடிகட்டி விற்கும் கம்பெனி ஒன்று, தன் விற்பனையாட்களுக்குப் பயிற்சி வைத்து முடித்திருந்தது. எல்லாரும் ஒரே பேருந்தில் கிளம்புகிறார்கள். கூடம் முழுக்கப் பெட்டிகள். ஒவ்வொருவருக்கும் மாதிரிச் சாமான் வைத்த கறுப்புப் பெட்டி வேறு; சிலர் அதைச் சாமான் அறையில் வைத்திருந்தார்கள்.

சின்னவள் சாமான் அறைக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தாள். தலைமுடி கலையவில்லை. புடவைத் தலைப்பு நழுவவில்லை. வேர்வை என்று ஒன்று அவளுக்கு உண்டா என்று பெரியவள் நினைத்தாள்.

"வக்கீலம்மா, ஒரு நிமிஷம் இங்க வாயேன். இந்த வரி ஆபீஸ்காரன் போன்ல என்னமோ கேக்கறான்."

உள்ளறையிலிருந்து மாமனாரின் குரல். சின்னவள் அப்போதுதான் சாமான் அறையிலிருந்து வெளியே வந்திருந்தாள். "இதோ மாமா" என்று கதவைச் சாத்தியவள், பூட்டைக் கொண்டியில் தொங்கவிட்டபடியே போய்விட்டாள்.

பெரியவள் அதைப் பார்த்தாள்.

நடந்து போய் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு அது. சாவிகூட வேண்டாம். அவள் கால் ஒருமுறை அசைந்ததும் உண்மை. ஆனால் மனசு வேறு கணக்குப் போட்டது. கிடக்கட்டும். ஏதாவது சின்னக் குழப்பம் வரட்டும். யாராவது ஒருத்தர் "என் பெட்டி எங்கே" என்று சத்தம் போடட்டும். மாமனார் காதில் விழுகிற அளவுக்குப் போதும். யாரிடம் இருந்த சாவியை யாரிடம் கொடுத்தோம் என்று அவர் ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

அவள் அறைச் சாவிகளை வாங்கி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் கண் கதவின் மேலேயே இருந்தது. மஞ்சள் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர், கழுத்தில் பயணத் தலையணையோடு உள்ளே போனார். டோக்கன் காட்டவில்லை. யாரிடம் காட்டுவார். திரும்பி வரும்போது கையில் கறுப்புப் பெட்டி. அவர்கள் எல்லாரிடமும் இருக்கிற அதே மாதிரிப் பெட்டிதான். வெளியே பேருந்து ஹாரன் அடித்தது. அவர் ஓடினார்.

சின்னவள் திரும்பி வந்து, தொங்கிய பூட்டைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு, அழுத்திப் பூட்டினாள். பெரியவள் தலை நிமிரவில்லை.

பகல் சாப்பாட்டு நேரம் தாண்டி அந்த அம்மாள் வந்தார். குள்ளமான உருவம், நரைத்த கிராப்பு, விரல் நுனிகளில் அழியாத சாயக்கறை. முதல் நாள் ராத்திரி தங்கியவர். அறையைக் காலி செய்தபோது ஒரு பெட்டியைச் சின்னவளிடம் கொடுத்து, "பத்திரம்மா, தலைகீழா வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

டோக்கனை நீட்டினார். சின்னவள் உள்ளே போனாள். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது கை வெறுமையாக இருந்தது.

"கறுப்புப் பெட்டிதானேம்மா?"

"ஆமா. ஓரத்துல பச்சை நூல் சுத்தியிருப்பேன்."

"அது... அங்க ஒரு கறுப்புப் பெட்டி இருக்கு. நூல் இல்ல. உள்ள குழாயும் வடிகட்டியுமா இருக்கு."

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "என் பெட்டில கண்ணு இருக்கும்மா" என்றார்.

சின்னவளுக்குப் புரியவில்லை. பெரியவள் நிமிர்ந்தாள்.

"நான் செயற்கைக் கண் செய்யறவ. கண்ணு போனவங்களுக்கு. கடையில வாங்கி மாட்டறது இல்ல. எதிர்ல உக்கார வச்சு, அவங்களோட இன்னொரு கண்ணைப் பாத்துப் பாத்து வர்ணம் எழுதணும். ஒருத்தருக்குச் செஞ்சது இன்னொருத்தருக்கு ஆகாது. ஊருக்கு ஊரு போய்ப் பொருத்திக் குடுக்கறேன். இன்னைக்கு ஆஸ்பத்திரில ரெண்டு பேருக்கு அளவு எடுத்தேன். சாயந்தரம் வண்டி ஏறி அடுத்த ஊர் போகணும். அங்க ஒரு டீச்சர் காத்துட்டிருக்கா. விபத்துல ஒரு கண்ணு போயிடுச்சு. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குது. கறுப்புக் கண்ணாடி இல்லாம வகுப்புக்குள்ள போகணும்னு அவளுக்கு ஒரே ஆசை."

பேச்சுக் குரல் கேட்டு மாமனார் வந்தார். அவருக்குப் பின்னால் பெரியவளின் கணவன். அவனுக்கு எந்தச் சண்டையும் தொடங்குமுன் முடிந்துவிட வேண்டும். நேராகச் சுவரில் தொங்கும் பலகையைக் காட்டினான்.

"அதைப் பாருங்கம்மா. வாடிக்கையாளர் பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. எவ்வளவு பெரிய எழுத்துல போட்டிருக்கோம்."

"அது செல்லாதுங்க அத்தான்" என்றாள் சின்னவள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"அவங்க ரூம்ல வச்சிட்டுப் போய்த் தொலைஞ்சிருந்தா அந்தப் பலகையைக் காட்டி ஏதாவது வாதாடலாம். இது அப்படி இல்ல. கட்டணம் வாங்கினோம். டோக்கன் குடுத்தோம். நம்ம கையில வாங்கி, நம்ம அறையில வச்சு, நம்ம பூட்டைப் போட்டோம். வாங்கின நிமிஷத்திலேர்ந்து அதை நம்ம சொந்தப் பொருள் மாதிரி காப்பாத்தணும். ஒழுங்காப் பாத்துக்கிட்டும் தொலைஞ்சுதுன்னா வேற பேச்சு. நம்ம அலட்சியத்துக்குப் பலகை குடை பிடிக்காது."

"நீ எந்தக் கட்சிம்மா?" என்றான் அவன், பாதி விளையாட்டாக.

"அலட்சியம்னு எப்படிச் சொல்ற?" மாமனார் கேட்டார். "பூட்டியிருந்த அறைதானே?"

பெரியவள் காதைத் தீட்டிக்கொண்டாள். இதோ வந்துவிட்டது. இப்போது மழுப்புவாள். மழுப்பட்டும். படிப்பெல்லாம் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

"பூட்டல மாமா. நீங்க கூப்பிட்டப்ப பூட்டாம வந்துட்டேன். என் தப்புதான்."

மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்த அம்மாளிடம் திரும்பினார்.

"அம்மா, பொறுப்பு எங்களோடது. எந்த வாதமும் இல்ல. என்ன செய்யணுமோ செய்யறோம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "பாத்தீங்களா, தப்பு நடந்தா ஒளிக்காம சொல்றா. எத்தனை பேருக்கு வரும் இது. அதுக்காகத்தான் அவகிட்ட சாவியைக் குடுத்தேன்."

பெரியவளுக்குக் காது சுட்டது. கதவைத் திறந்து போட்டதற்கும் பாராட்டா? இத்தனை வருடம் தொலைக்காமல் காத்தவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது, ஒரே நாளில் தொலைத்தவளுக்கு மாலை மரியாதை. அவள் தப்பு செய்தாலும் ஜெயிக்கிறாள். இவளோடு எந்தக் களத்தில் மோதுவது?

"நீங்க எதாவது பாத்தீங்களா?" அந்த அம்மாள் பெரியவளைக் கேட்டார். "நீங்க இங்கதானே நின்னுட்டிருந்தீங்க."

"இல்லையே" என்றாள் பெரியவள். "கூட்டம். எதையும் கவனிக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சிக்கிக்கொண்டது அவளுக்குப் புரிந்தது. மஞ்சள் கட்டம் போட்ட சட்டைக்காரரைப் பார்த்தேன் என்றால், திறந்திருந்த கதவையும் பார்த்தேன் என்றாகும். பார்த்துவிட்டு ஏன் சும்மா நின்றாய் என்று கேட்பார்கள். அதற்குச் சொல்ல அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதை அவள் தன் புருஷனிடம்கூடச் சொல்ல மாட்டாள்.

சின்னவள் கம்பெனி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் முயன்றுகொண்டிருந்தாள். கம்பெனிக்கு அன்று விடுமுறை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பெரியவளின் கணவன் போலீசுக்குப் போகலாமா என்றான். மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த அம்மாள் கூடத்துச் சோபாவில் உட்கார்ந்திருந்தார். பெரியவள் தேநீர் கொண்டுபோனாள். சும்மா நிற்க முடியவில்லை, அதனால்தான். அப்போது அந்த அம்மாளின் கைப்பேசி ஒலித்தது.

"ம், டீச்சர். இல்லம்மா, மறக்கல. கிளம்பிட்டே இருக்கேன்." குரலில் ஒரு துளி நடுக்கம் இல்லை. "பழுப்புதான். உன் கண்ணு மாதிரியே. ஓரத்துல கொஞ்சம் தேன் நிறம் இருக்குல்ல, அதையும் எழுதியிருக்கேன். நீ நிம்மதியா தூங்கு."

பேசி முடித்துக் கைப்பேசியை மடியில் வைத்தார். தேநீரை எடுக்கவே இல்லை. "பொய் சொல்லிட்டேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "நிஜத்தைச் சொன்னா அந்தப் பொண்ணு நாளைக்கு வீட்டை விட்டே வெளிய வராது."

பெரியவள் தட்டோடு திரும்பினாள். சமையற்கட்டுக்குப் போகவில்லை. மாடியேறித் துணி அறைக்குள் புகுந்தாள். துவைத்த விரிப்புகளும் துவாலைகளும் கூரைவரை அடுக்கியிருக்கும் அறை. பேருந்து ஏற்பாடு செய்தவள் அவள்தான் என்பதால் ஓட்டுநரின் எண் அவளிடம் இருந்தது.

"அண்ணே, நான் விடுதியிலேர்ந்து பேசறேன். உங்க வண்டியில ஒருத்தர் பெட்டியை மாத்தி எடுத்துட்டுப் போயிட்டார். கறுப்புப் பெட்டி."

"எல்லாருக்குமே கறுப்புப் பெட்டிதான் தாயி."

"ஓரத்துல பச்சை நூல் சுத்தியிருக்கும். எடுத்தவர் மஞ்சள் கட்டம் போட்ட சட்டை. கழுத்துல தலையணை மாட்டியிருந்தார். கொஞ்சம் குண்டு. கடைசியா ஓடிவந்து ஏறியிருப்பார்."

"அவரா. சுங்கச்சாவடி கிட்ட இறங்கிட்டாரே. மச்சினன் வந்து கூட்டிட்டுப் போவான்னு நின்னுட்டிருந்தார்."

பெரியவள் அங்கே இருந்த துவாலைக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, எப்படியாவது அவரைப் பிடிச்சுக் குடுங்க. அதுல ஒரு பொண்ணோட கண்ணு இருக்கு" என்றாள். என்ன சொல்கிறாள் என்று ஓட்டுநருக்கு விளங்கியிருக்காது. ஆனால் குரல் விளங்கியிருக்க வேண்டும். சக பயணிகளிடம் கேட்டு எண்ணை வாங்கிக் கொடுத்தார்.

சட்டைக்காரர் நல்ல மனிதர். மச்சினன் வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்து அலறியிருக்கிறார். "வரிசையா என்னையே முறைக்குதுங்க அம்மா, மச்சினன் வீட்டுக்காரி பூஜைக்கே உக்காந்துட்டா" என்றார். சொல்லப்போனால், விடுதியை எப்படித் தொடர்புகொள்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். மச்சினனின் மோட்டார் சைக்கிளில் உடனே கிளம்புவதாகச் சொன்னார்.

பெரியவள் கைப்பேசியை வைத்துவிட்டுத் திரும்பினாள். கதவருகே சின்னவள் நின்றிருந்தாள். கையில் அழுக்குத் துவாலைகள். எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. துவாலைகளைக் கூடையில் போட்டுவிட்டு இறங்கிப்போனாள்.

வெயில் தாழும் முன் பெட்டி வந்துவிட்டது. அந்த அம்மாள் மேஜை மேலேயே அதைத் திறந்தார். பஞ்சுக் குழிகளுக்குள் கண்கள். கறுப்பு, சாம்பல், பழுப்பு. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தேன் நிறம் ஓடிய அந்தப் பழுப்புக் கண்ணைப் பார்த்ததும்தான் மூச்சு விட்டார். கிளம்பும்போது பெரியவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பெரியவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்ச?" கணவன் கேட்டான்.

"ஒரு யூகம்தான். அவங்க எல்லார்கிட்டயும் அதே மாதிரிப் பெட்டி இருந்துதே. பஸ் டிரைவரைக் கேட்டுப் பாத்தேன்."

மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்குப் பெரிய மருமகள்னா சும்மாவா" என்றார். "நானும்தான் இருந்தேன், இவனும் இருந்தான். எங்களுக்குத் தோணிச்சா? வக்கீலம்மா, கோவிச்சுக்காதே. அந்தச் சாவி இனிமே பெரியவகிட்டயே இருக்கட்டும்."

இந்த வார்த்தைகளைத்தான் அவள் சாவி கைமாறிய நாளிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். அவர் இப்படிச் சொல்வார், நான் இப்படித் தலையாட்டுவேன் என்று. இப்போது தலையாட்டினாள். வாயில் மட்டும் ஏதோ கசந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் இருவரும் துணி அறையில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள் ஒரு முனை, சின்னவள் ஒரு முனை. மடித்து மடித்து அருகே வந்தபோது சின்னவள் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"கழுத்துல தலையணை மாட்டியிருந்தார்னு யூகத்துல எப்படிச் சொன்னீங்க?"

பெரியவள் விரிப்பின் முனையை விடவில்லை. பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. வந்தது அப்படியே திரும்பிப் போயிற்று.

"பாத்தேன். நீ பூட்டாம போனதையும் பாத்தேன். அவர் உள்ள போனதையும் பாத்தேன்."

"ஏன்க்கா?"

"உன்னைப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுடி. போதுமா? நீ மாட்டணும்னு நினைச்சேன். கண்ணுன்னு எனக்கு என்ன தெரியும். எதோ குழாயும் குப்பையும்னு நினைச்சேன்." சொல்லிவிட்டு விரிப்பைத் தன் பக்கம் இழுத்தாள். "போய்ச் சொல்லு. மாமாகிட்ட சொல்லு. மத்தியானம் ஒளிக்காம சொன்ன மாதிரி."

சின்னவள் கோபப்படவில்லை. அதுவும் பெரியவளுக்கு எரிந்தது.

"கதவைத் திறந்து விட்டவளுக்கு என்ன பொறுப்புன்னு படிச்சிருக்கேன். பாத்துட்டு நின்னவங்களுக்கு என்னன்னு எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல" என்று சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் அணைந்தது. "அந்தச் சாவியை எனக்கு எதுக்குக் குடுத்தாங்க தெரியுமா? கோர்ட்டுக்குப் போறேன்னு கேட்டேன். வேண்டாம்மா, வீட்டு வேலையே இவ்வளவு இருக்கேன்னு சாவியை நீட்டினார். குழந்தைக்கு மிட்டாய் குடுக்கற மாதிரி."

இது பெரியவளுக்குத் தெரியாது.

"ஒரு சீனியர் வக்கீல் அம்மா ஆபீஸ்ல சேரச் சொல்லியிருக்காங்க. நாளைக்குக் காலைல மாமாகிட்ட சொல்லப் போறேன். வீடு ரெண்டு படும். அப்ப நீங்க என் பக்கம் நிக்கணும்."

"நிக்கலைன்னா?"

"நின்னா இன்னைக்கு நடந்தது எனக்கு மறந்துடும்க்கா." குரல் மென்மையாகவே இருந்தது. மிரட்டலா, கெஞ்சலா என்று பெரியவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். இவள் போய்விடுவாள். மேஜையும் சாவியும் மாமனாரின் பாராட்டும் இனிப் பங்கு இல்லாமல் தனக்கே. கேட்டதெல்லாம் கிடைத்தாகிவிட்டது.

ஆனால் பெரியவளின் கண்ணில் வேறொன்று விரிந்தது. காலை வேளை. சின்னவள் கறுப்பு அங்கியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வாசல் இறங்குகிறாள். தெருவில் திரும்பி, கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடுகிறாள். மேஜைக்குப் பின்னால் நின்று, அடுத்தவர்களின் பெட்டிகளைக் காத்தபடி, அவள் போவதைப் பார்ப்பவள் யார்?

இதுவரை பட்டதெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. நிஜப் பொறாமை இப்போதுதான் வந்து உள்ளே உட்கார்ந்தது.

"சரின்னு சொல்லுங்கக்கா" என்றாள் சின்னவள்.

பெரியவள் வாயைத் திறந்தாள். வார்த்தை எந்தப் பக்கம் விழப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.